ஆர்டிஸ் வீட்டு ஒயர்கள்

மெர்ல் குவாமே இறந்தபோது அவருடைய புது வீட்டுக்கு உள்சுவர் எழும்பியிருக்கவில்லை. கூரை போட்டாகிவிட்டது, வெளிப்பக்கமும் மூடியாகிவிட்டது. உள்ளே வெறும் மரச்சட்டங்கள்தான். சமையலறையில் நின்றால் படுக்கையறை, குளியலறை, அதற்கு அப்பால் ஜன்னல் வழியே பீட் கிழங்கு வயல் என்று எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். அறுவடை முடிகிற சமயம். தானியக் கிடங்குக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் காலையில் உட்கார்ந்திருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மேஜைமேல் சாய்ந்தார். அவ்வளவுதான்.

மூர்ஹெட் டவுன் சுற்றுவட்டாரத்தில் கட்டுகிற வீடுகளுக்கு ஸ்பீக்கர், டிவி, டெலிபோன் ஒயர் இழுப்பது என் தொழில். அதனால்தான் குவாமே தம்பதியை எனக்குத் தெரியும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுன் ஓரத்தில் குடியேற இருந்தார்கள். மெர்ல் என்னை ஒரு தடவை வீடு முழுக்க அழைத்துப்போய்க் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். எதையும் எழுதிவைக்கிற ஆள் இல்லை.

"டுவேன், ஆயுசு முழுக்க டிராக்டர்ல உக்காந்து காது போச்சு," என்றார். "எனக்குக் கேக்கற அளவுக்கு ரேடியோ வச்சா ஆர்டிஸ் கத்துறா. அவளுக்குத் தோதா வச்சா அது பாடுதா இல்லையான்னே எனக்குத் தெரியல. ரூமுக்கு ரூம் ஸ்பீக்கர் வை. ரூமுக்கு ரூம் சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு குமிழ் வை. இந்த வயசுலயாவது சண்டை தீரட்டும்."

கீழ்த்தளத்தில் ஹோம் தியேட்டர். இரண்டு வரிசையில் எட்டு நாற்காலி, பின்வரிசை ஒரு படி உயரத்தில். காப்பிக் கடை நண்பர்கள் எல்லோரும் ஐஸ் ஹாக்கி மேட்ச் பார்க்க வருவார்கள் என்பது அவர் கணக்கு.

அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் வீடு கட்டுகிற லைல் எனக்குப் போன் செய்தான். அடுத்த வாரம் சுவர்ப் பலகை அடிக்க ஆள் வருகிறது. ஒயர் இழுப்பதா வேண்டாமா என்று இப்போதே தெரிய வேண்டும். பலகை அடித்த பிறகு இழுக்க வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும். ஃபீனிக்ஸில் இருக்கும் மகன் கர்ட்டிஸ், எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டானாம். வீட்டை முடித்தவுடன் விற்றுவிடலாம் என்பது அவன் யோசனை.

"அந்தம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்கு நேர்ல வர்றாங்களாம். நீயே பேசிக்க."

மறுநாள் ஆர்டிஸ் குவாமே மெர்லின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கை விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. ஒல்லியான, நெட்டையான பெண்மணி. சர்ச் சமையலறையைப் பல வருஷம் கட்டி ஆண்டவர். சொல்ல வேண்டிய ஆறுதலை நான் சொல்லி முடிப்பதற்குள், "சரி, எங்க ஆரம்பிக்கணும்?" என்றார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். இந்த அறையில் யார் இருப்பீர்கள், என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பீக்கரை எங்கே வைப்பது, குமிழை எந்தச் சுவரில் வைப்பது என்று முடிவு செய்ய முடியாது. பழக்கத்தில் அவரிடமும் கேட்டுவிட்டேன்.

குளியலறைச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றார். "இங்க மெர்ல் ஷேவ் பண்ணும்போது சோள விலை கேக்கணும்னாரு."

"வச்சுடலாமா?"

"யாரு ஷேவ் பண்ணப் போறா? நானா?"

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. படுக்கையறையில் கட்டிலின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குமிழ் என்பது மெர்லின் திட்டம். அதைச் சொன்னேன். கட்டில் வரப்போகிற வெற்றுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தப் பக்கம் படுக்கப் போறேன்னே இன்னும் தெரியல," என்றார் கடைசியில். "ரெண்டு பக்கமும் இழுத்துடு."

இப்படியே ஒவ்வொரு அறையாகப் போனோம். கேட்டதற்கெல்லாம் மெர்ல் என்ன சொன்னார் என்பதே பதிலாக வந்தது. துணி துவைக்கும் அறையைத் தாண்டி நான் நடந்தபோதுதான் நின்றார்.

"ஏன், இந்த ரூமுக்கு இல்லையா?"

"மெர்ல் இதைச் சொல்லலியே."

"எப்படிச் சொல்லுவாரு? வீட்டுல இப்படி ஒரு ரூம் இருக்குன்னே அவருக்குத் தெரியாதே. துவைக்கறதும் காயவைக்கறதும் தேய்க்கறதுமா பாதி நாள் நான் இங்கதான் நிக்கப்போறேன். இங்க ஒண்ணு வை. நல்லதா வை."

அன்று அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றைத்தான். வெளியே புல்தரைக்கு ஸ்பீக்கர் வேண்டாமென்றார். கொசுவுக்குப் பாட்டு எதற்கு என்றார். கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். சிமெண்டுத் தரை சில்லென்றிருந்தது. எட்டு நாற்காலி வருகிற இடத்தைக் காட்டி, இதை விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"இழுத்து வை," என்றார். "சுவருக்குள்ள கெடக்கற ஒயரு சோறா கேக்கப்போவுது?"

மறுநாளே வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. என்னோடு வேலை செய்கிறவன் மான் வேட்டைக்குப் போயிருந்தான். ஒயர் இழுக்க இரண்டு பேர் வேண்டும். மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரியில்தான் எல்லா ஒயரும் வந்து சேரும். அங்கே ஒருவர் சுருளிலிருந்து விட்டுக்கொடுக்க, மேலே ஒருவர் சட்டத்துத் துளைகள் வழியாக இழுக்க வேண்டும். கரண்ட் ஒயருக்குப் பக்கத்தில் ஓடவிடக் கூடாது, ஸ்பீக்கர் இரையும். குறுக்கே கடக்க வேண்டுமானால் செங்கோணத்தில்தான் கடக்க வேண்டும். அன்றும் வந்திருந்த ஆர்டிஸ் கோட்டின் கையைச் சுருட்டிவிட்டுச் சுருளுக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டார்.

"விடுங்க," என்று மேலிருந்து கத்துவேன்.

"விடறேன்," என்று கீழிருந்து குரல் வரும்.

"போதும்."

"எந்த ரூமு?"

"சமையல் ரூம்."

"இன்னும் கொஞ்சம் தர்றேன். பின்னாடி அங்க அலமாரியை இடம் மாத்தச் சொல்லுவேன், என்னை எனக்குத் தெரியும்."

நாள் முழுக்க அப்படிக் கத்திக்கொண்டோம். ஒரு தடவை ஒயர் எங்கோ சிக்கி, நான் இழுக்க இழுக்க வரவில்லை. "விடுங்க, விடுங்க," என்று கத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் கோட்டின் தொங்கலோடு சேர்த்து ஒயர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. "டுவேன், நீ என்னையும் சேத்து இழுத்துக்கிட்டிருக்க," என்று கீழிருந்து சொன்னார். வாளி உருளும் சத்தம் கேட்டது. அவர் சிரிக்கும் சத்தமும் கேட்டது. நின்றும் போனது. நான் இறங்கிப்போனபோது முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

சுவர் மூடியாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முன்பு குடிபோனார். அந்தக் குளிர்காலம் முழுக்க எல்லா அறையிலும் ரேடியோ ஓடியது. வானிலை, கோதுமை விலை, காணாமல்போன நாய், எதுவானாலும் சரி, ஒரு மனிதக் குரல் அவர் கூடவே அறை மாறி அறை நடந்தது. கர்ட்டிஸ் போன் செய்தால், "யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்பானாம். "யாரும் இல்லடா, ரேடியோ," என்று சொல்லிச் சொல்லி அலுத்து, ஒரு நாள் "பக்கத்து வீட்டுக்காரங்க" என்று சொல்லிவிட்டார். இதை அவரே என்னிடம் சொன்னார்.

ஜனவரியில் சமையலறை ஸ்பீக்கர் இரைகிறது என்று கூப்பிட்டார். போனேன், இரையவில்லை. பிப்ரவரியில் படுக்கையறைக் குமிழ் சரியில்லை என்றார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை ஏணியில் ஏறி நின்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேஜையில் காப்பியும் பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பலகாரமும் எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"இறங்கி வா டுவேன். அதுல ஒண்ணும் கோளாறு இல்ல. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும் ஆர்டிஸ்."

"அப்பறம் எதுக்கு ஏணியில ஏறின?"

"கூப்பிட்டீங்களே."

அதற்குப் பிறகு கோளாறு சொல்லிக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் வேலை இருந்தால் நானே போய் நிற்பேன். ஆனால் அந்தப் பக்கம் வேலை அடிக்கடி இருக்காது. எனக்கும் வீடு, பிள்ளைகள் என்று இருந்தது.

இரண்டாவது குளிர்காலத்தில் கீழ்த்தளத்தை முடிக்கச் சொன்னார். ஒயர் முனைகளை மூடியிருந்த தகடுகளைக் கழற்றி ஸ்பீக்கர் மாட்டினோம், திரை கட்டினோம், எட்டு நாற்காலியும் வந்தன. மார்ச்சில் டிவியில் வரும் பள்ளிக்கூட ஹாக்கிப் போட்டிக்குக் காப்பிக் கடை நண்பர்களையும் அவர்கள் மனைவிமார்களையும் கூப்பிட்டார். நானும் போயிருந்தேன். ஆளுக்கொரு பலகாரத் தட்டோடு வந்து, நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்தார்கள். மெர்லின் நாற்காலி எது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் முன்வரிசையில் நடுவாக இருந்த ஒரு நாற்காலியில் யாரும் உட்காரவும் இல்லை. பாதி மேட்சில் காற்று எழும்பியது. சாலையில் பனி மூடிவிடும் என்று சொல்லி ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அடுத்த வருஷம் கூப்பிட்டதற்கு மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்து அவர் கூப்பிடவில்லை.

"அவங்க மேல தப்பில்ல," என்றார் என்னிடம். "அவங்களுக்கு மேட்சா முக்கியம்? ஒருத்தரை ஒருத்தர் பாக்கணும், அவ்வளவுதான். அதுக்கு அவங்களுக்கு ஒரு எடம் இருக்கு. நான்தான் அங்க போனதில்ல."

மெர்ல் சாய்ந்த மேஜை அந்தக் கடையில்தான் இருந்தது. அதைத் தாண்டிப் போகவேண்டி வந்தால்கூட அவர் வேறு தெரு வழியாகச் சுற்றிப்போவார் என்று எனக்குத் தெரியும்.

கர்ட்டிஸ் ஒரு குளிர்காலத்துக்கு ஃபீனிக்ஸுக்கு அழைத்துப்போனான். வெயில் நன்றாக இருந்தது, மருமகள் நல்லவள், பேச ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டு வயலில் ஈரம் காய்வதற்கு முன்பே திரும்பி வந்தார். வந்த வாரம் என்னைக் கூப்பிட்டு, கீழ்த்தளத்து நாற்காலிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"எங்க கொண்டுபோறது?"

"காப்பிக் கடைக்கு. அங்க இருக்கற பெஞ்சுல உக்காந்தா இடுப்பு போயிடும்னு மெர்ல் எப்பவும் சொல்லுவாரு. அங்க டிவியும் இருக்கு. திரையையும் வேணும்னா எடுத்துக்கட்டும்."

திரை அங்கே நுழையவில்லை. நாற்காலிகளை ஜன்னல் ஓரம் போட்டோம். ஆர்டிஸ் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் ஒன்றில் உட்கார்ந்தார். ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கோப்பையைப் பார்த்தார்கள். கார்டி என்கிற கிழவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஆர்டிஸ், இவ்வளவு மெத்துனு இருந்தா நான் எப்படி எழுந்து வீட்டுக்குப் போறது?"

"போகாத. தொல்லை விட்டுச்சுன்னு உன் வீட்டுக்காரி எனக்குப் பூச்செண்டு அனுப்புவா."

இப்போது வாரத்தில் இரண்டு மூன்று காலை அங்கே போகிறார். ஒரு மணி நேரம் இருப்பார். மீதி நாள் பெரியது. அதை அவர் வீட்டில்தான் கழிக்க வேண்டும். போன மாதம் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் பார்த்தேன். சுவரில் ஸ்பீக்கர்கள் அப்படியே இருக்கின்றன. நாற்காலி இருந்த இடத்தில் கயிறு கட்டி, வெளியே பனி கொட்டுகிற நாளில் போர்வைகளைக் காயப்போடுகிறார். ஹீட்டரின் வறண்ட காற்று அங்கே நன்றாக வருகிறதாம், சீக்கிரம் காய்ந்துவிடுகிறதாம்.