நான்கு நிபந்தனைகளோடு ஒரு மன்றாட்டு

கடந்த ஆண்டு என் அம்மாவின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் நான்கு மணித்தியாலம் மருத்துவமனையில் மெஷினோடு இணைத்து இரத்தத்தைச் சுத்திகரிக்கிறார்கள். அந்த நேரத்தில் அவருக்குத் திடீரென்று பிரஷர் இறங்கிவிடும். தலை சுற்றுகிறது என்று ஆங்கிலத்தில் சொல்ல அம்மாவுக்கு வராது; நான்தான் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். அப்பா இல்லை. மோர்னிங்சைட் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

நான் மென்பொருள் பரிசோதகர். ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரவேண்டும் என்று நிறுவனம் கட்டளையிட்டது. இரண்டு நாள் வேலையாவது தாருங்கள் என்று கேட்டேன். மறுத்தார்கள். வேலையை விட்டுவிட்டேன். பிறகு ‘உங்கள் வசதிப்படி நேரம்’ என்று விளம்பரம் செய்த இடங்களுக்கெல்லாம் விண்ணப்பித்தேன். அந்த வசதி ஒன்றிலும் எனக்கானதாக இருக்கவில்லை.

ஒக்டோபரில் நமது செபக் குழுவின் செபமாலை வீடு வீடாகப் போனபோது, வழக்கம்போல மாதா சுரூபத்தின் முன் மன்றாட்டுத் தாள்களை வைத்தோம். பலர் ‘குடும்ப நன்மைக்காக’ என்று எழுதுவார்கள். எனக்கு அப்படி எழுத வராது. கேட்டது என்னவென்று தெளிவாக இல்லாவிட்டால், கிடைத்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது? நான் எழுதியது இது: ஒன்று, வாரத்தில் இரண்டு நாள் வேலை. இரண்டு, வீட்டிலிருந்து. மூன்று, நான் படித்தது பயன்பட வேண்டும். நான்கு, அம்மா மெஷினில் இருக்கும்போது யாரும் எனக்குப் போன் செய்யக்கூடாது.

என் தாளைச் சத்தமாக வாசித்ததும் சிரிப்பு எழுந்தது. “பிள்ளை, உது மன்றாட்டோ, ஓடரோ?” என்றார் ஓர் அன்ரி. கடவுளுக்கு நிபந்தனை போடக்கூடாது என்று இன்னொருவர் புத்தி சொன்னார். செபமாலையில் முன்வரிசையில் இருக்கும் ஓர் அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கேற்ற வேலை தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். அங்கேயே பதில் கிடைத்துவிட்டது என்று நம்பினேன். அவர் யார், என்ன தொழில் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பிழை பிடிப்பதே என் தொழில். ஆனால் செபமாலையில் சந்தித்தவரைப் பரிசோதிப்பது பாவம் என்று நினைத்துவிட்டேன்.

அது காப்புறுதி விற்கும் வேலை. ஆறு வாரம் சம்பளமில்லாத பயிற்சி. முதல் வேலையாக, தெரிந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டார். நமது செபக் குழுவின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் கொடுத்தேன். உங்களில் பலருக்கு அந்த அழைப்புகள் வந்தது என்னால்தான். என்னை மன்னியுங்கள்.

ஒரு புதன்கிழமை, அம்மா மெஷினில் இருந்தபோது அந்த அங்கிள் அழைத்தார். வெளியே நடைபாதையில் நின்று பேசினேன். இது அம்மாவின் நேரம் என்றேன். “அம்மாவைப் பாக்க நேர்ஸ்மார் இருக்கினம்தானே பிள்ளை” என்றார். அந்த நிமிடம் உள்ளே அம்மாவின் தலை சரிந்துவிட்டது. பக்கத்து மெஷினில் இருந்த தன் தகப்பனோடு வந்திருந்தவர் எழுந்து தாதியைக் கூப்பிட்டிருக்கிறார். நான் ஓடிப் போகும்போது அம்மாவின் கால்களை உயர்த்தி வைத்திருந்தார்கள். அம்மா கண் திறந்ததும் என்னைத்தான் தேடினார்.

அன்று நான் அழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தபடி ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். ‘நான் மாளிகை கேட்டேனா? ஒரு தாய்க்குப் பக்கத்தில் இருக்க நான்கு மணித்தியாலம் கேட்டேன். உமது பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவன் அதைப் பறித்தான். நீர் பார்த்துக்கொண்டா இருக்கிறீர்?’ என் வாழ்க்கையில் நான் செய்த மிக நேர்மையான செபம் அதுதான். அன்றே அந்த வேலையை விட்டேன்.

அடுத்த வெள்ளி, தாதியைக் கூப்பிட்ட அந்த ரிஸ்வான் அண்ணைக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் தன் தொழில் நோவைச் சொல்லத் தொடங்கினார். வெக்ஸ்போர்ட்டில் வீட்டு ஹீட்டர் திருத்தும் தொழில். யார் எங்கே போவது என்பதெல்லாம் போனில் குறுஞ்செய்திகள். அதற்கு முதல் நாள் விட்பி நகரில் ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் போய் நின்றிருக்கிறார்கள். அந்த முறையில் எத்தனை இடத்தில் பிழை வரும் என்று நான் எண்ணிச் சொன்னேன். ஏழு. “இதெ நீங்களே செஞ்சு தாங்க தங்கச்சி” என்றார். இந்த முறை நான் ஏமாறத் தயாராக இல்லை. அவரது தொழில் பற்றி எல்லாம் விசாரித்தேன். பிறகு என் நான்கு நிபந்தனைகளையும் சொன்னேன். முதல் மூன்றுக்கும் தலையாட்டினார். நான்காவதுக்குச் சிரித்தார்.

“அந்த நேரம் நானும் வாப்பாவோட இங்கதானே தங்கச்சி இரிக்கிறன். எப்படிப் போன் எடுக்கிற?”

செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். யார் எங்கே போவது என்ற அவரது ஒழுங்குப் பட்டியலை நானே வடிவமைத்தேன். நேர்முகம் இல்லை, அலைச்சல் இல்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் போய் நிற்பதுமில்லை. அம்மா மெஷினில் இருக்கும்போது நான் பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன்.

இதைக் கேட்ட ஒருவர், “ஏன், எங்கட ஆக்களிட்டை ஒரு வேலை கிடைக்கேல்லையோ?” என்றார்.

“எங்கட ஆக்களிட்டைத்தான் அன்ரி முதல் போனனான்” என்றேன்.

என் கோபம் இன்னும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவரும் அப்படிக் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன தேவையோ அதை வெட்கப்படாமல் அவரிடம் சொல்லுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு சொல்லுங்கள். நம்பிக் காத்திருங்கள். உங்களில் தொழில் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: யாரோ ஒரு பிள்ளை கேட்ட செபத்துக்குப் பதிலாக ஆண்டவர் உங்களை அனுப்பியிருக்கலாம். தயவுசெய்து பதிலாகவே போய்ச் சேருங்கள்.