சும்மா கிடந்த பெட்டி சுட்டது ஏன்?

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. இலஞ்சியில் இருக்கும் எங்கள் வீட்டு மாடி அறையைச் சீசன் சமயத்தில் மட்டும் அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். மாடிக்குப் போக வீட்டுக்குள் இருக்கும் ஒரே படிக்கட்டுதான்.

நான் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்ப்பவன். சாரல் காற்றில் மரம் முறிந்து அடிக்கடி கரண்ட் போகும். மாடியில் தங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்காகப் பழைய லேப்டாப் பேட்டரிகளை வாங்கி உடைத்தேன். உள்ளே இருந்த விரல் நீளச் செல்களில், மீட்டரில் வோல்ட் சரியாகக் காட்டியவற்றை எல்லாம் சேர்த்து, ஒரு தகரப் பெட்டிக்குள் பெரிய பேட்டரியாக்கினேன். மொட்டை மாடியில் ஒரு சோலார் பேனல். கரண்ட் போனாலும் என் வீட்டில் மட்டும் லைட் எரிவதைத் தெருவே எட்டிப் பார்த்தது. 'இன்ஜினியர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது பாராட்டா கேலியா என்று நான் விசாரிக்கவில்லை.

பெட்டியைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். வீட்டில் ஈரம் ஏறாத இடம் அது ஒன்றுதான்.

சாரல் காலத்தில் எங்கள் ஊரில் துணி காயவைப்பது பெரும்பாடு. ஃபிரிட்ஜுக்குப் பின்னால், அடுப்பு மேடைக்கு மேலே என்று கொஞ்சம் வெதுவெதுப்பு கிடைத்தால் போதும், அங்கே கொடி கட்டிவிடுவோம். அந்த வாரம் என் மனைவி புது இடம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள்.

"ஒங்க பெட்டி மேல போட்டா பாப்பா சாக்ஸ் ஒரு மணி நேரத்துல காஞ்சிருது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றேன்.

அப்போது மாடியில் விருதுநகர் பக்கத்துக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். ஐந்தருவியில் குளித்துவிட்டுக் காலை பத்து மணிக்குத் திரும்பிய அந்தப் பெண், ஈரத் துண்டு போட இடம் கேட்டார். என் மனைவி பெட்டியைக் காட்டினாள். துண்டை விரித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இப்ப இதுல சார்ஜ் ஏறுதா?"

இல்லை. காற்றில் ஆடுகிறதென்று பேனலைக் கழற்றி இரண்டு நாளாகிவிட்டது. கரண்டும் போகவில்லை, அதனால் பெட்டிக்கு வேலையும் இல்லை.

"அப்ப சும்மா கெடக்குற பெட்டி ஏன் சுடுது?"

பதில் தெரியாவிட்டால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அருவிக்கு வந்தவர் குளித்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று மனதுக்குள் முணுமுணுத்து அவரை முறைத்தபடி, மீட்டரை எடுத்து வந்து வோல்ட் சரியாக இருப்பதைக் காட்டினேன்.

அவர் அசரவில்லை. "எங்க கடையில எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி பாக்குறது நாந்தான், அண்ணாச்சி. உள்ள ஒரு செல் கெட்டுப்போயி சூடேறுனா இந்த மீட்டர் காட்டாது. ஒண்ணு தீப்புடிச்சா எல்லாம் புடிச்சிரும். மொதல்ல பிள்ளைகள வெளிய கூப்பிடுங்க."

மாடியில் அவருடைய பிள்ளைகளோடு என் மகளும் விளையாடிக்கொண்டிருந்தாள். மூவரும் கீழே வர வேண்டுமானால் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் வர வேண்டும். பெட்டி வைத்து எத்தனையோ மாதமாகியும், அந்த நிமிடம்தான் எனக்கு அது உறைத்தது.

அவருடைய கணவர் பிள்ளைகளை எதிர்வீட்டுக்கு அழைத்துப் போனார். "கை பொறுக்குற சூடுதான். இப்பவே தூக்கிரணும். இன்னும் ஏறுனா கிட்டயே போகக்கூடாது" என்றார் அந்தப் பெண். ஒயர்களைக் கழற்றினேன். பெட்டியைச் சாக்குத் துணியால் பிடித்துக்கொண்டு நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாகத் தூக்கிப் போய், கொல்லையில் மரம் மட்டை எதுவும் இல்லாத வெறுந்தரையில் வைத்தோம்.

ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. சாரல் வலுத்தது. ஆசையாகச் செய்த பொருள் நனைகிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. உள்ளே எடுத்து வரக் கிளம்பினேன். என் மனைவி கொல்லை வாசலை மறித்து நின்றாள்.

"நனைஞ்சா நனையட்டும். அந்தப் பொண்ணு இவ்வளவு சொல்லுதுல்லா, பேசாம இரிங்க!"

சண்டைக்கு வாயைத் திறந்தேன். டப்பென்று ஒரு சத்தம். பிறகு சரவெடி மாதிரி வரிசையாக. மூடி எகிறி விழுந்தது. புகையும் நெருப்பும் ஆள் உயரத்துக்குக் கிளம்பின. அந்தப் புகை ஆகாது என்று அந்தப் பெண் யாரையும் நெருங்க விடவில்லை. அணைந்தது போலிருந்து மறுபடியும் மறுபடியும் பற்றியது. தீயணைப்பு வண்டி வந்து வெகுநேரம் தண்ணீர் அடித்த பிறகுதான் அடங்கியது. நான் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் என் மனைவி தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். "இன்ஜினியர் சாருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்று அவள் கேட்டதும் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழைய செல்லே கூடாது என்று அந்தப் பெண் சொல்லவில்லை. ஒவ்வொரு செல்லையும் நாள்கணக்கில் சோதிக்கக் கருவி வேண்டும், தெரிந்த ஆள் வேண்டும், எப்படியானாலும் ஆள் நடமாடும் வழியில் வைக்கக் கூடாது என்றார். இன்று எங்கள் வீட்டில் இருப்பது கம்பெனி பேட்டரி. அதுவும் வெளியே, காற்றோட்டமான தனி அறையில்.

பெட்டி சுடுகிறது என்று தெரிந்ததும் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் கிளம்பிப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகாமல், என் முறைப்பையும் பொறுத்துக்கொண்டு, என் மகள் இருக்கும் வீட்டிலிருந்து அந்தப் பெட்டியை வெளியேற்ற மறுபக்கம் கை கொடுத்தாரே, அதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.