பச்சைமலையில் ஓடையை நம்பிப் போனோம்

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓட்டக் குழுவோடு பச்சைமலைக்குப் போய்வந்தேன். குழு என்றால், தஞ்சாவூரில் கல்லணைக் கால்வாய்க் கரையில் விடிகாலையில் ஓடுகிற முப்பது பேர். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறியபோது டாக்டர் சொல்லி அவர் சேர்ந்தார். அவரைத் தனியாக விடக்கூடாதென்று நான் பின்னால் நடக்கப் போய், மூன்று வருடத்தில் நானும் கொஞ்சம் ஓடப் பழகிவிட்டேன். ஆனால் எல்லாம் சமதரையில்தான். எங்கள் பக்கம் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம். மலைப்பாதையில் ஓடலாம் என்று குழுவை நடத்துகிற ஆரோக்கியராஜ் சார் சொன்னதும் பதினான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். சம்பா நடவு முடிந்திருந்ததால் வீட்டுக்காரரும் கொடுத்தார், என்னைக் கேட்காமல் எனக்கும் சேர்த்து.

தலைக்கு 1,650 ரூபாய். வேன் 700, தங்க 450, சாப்பாடு 400, மருந்துப் பெட்டி முதலான பொதுச்செலவு 100. இது தவிர பாறையில் வழுக்காத ஷூ, ஒரு ஜோடி 2,899. கடைக்காரர் விலை சொன்னதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். வாங்கியது நல்லதாகப் போயிற்று, அதைப் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பி, திருச்சி, துறையூர் வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஆறேகால் மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். மலையேறும் வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டபடியே இருந்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கண்ணத் திறங்கம்மா, பாக்கத்தானே வந்தீங்க?" என்றார். "நீங்க ரோட்டப் பாருங்க தம்பி, அது போதும்" என்றேன். வேனே சிரித்தது.

இரவு நல்ல மழை. காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். நன்றாக ஓடுகிறவர்களுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், எங்களுக்கு ஆறு. பாதை பிரியும் இடமெல்லாம் உள்ளூர் ஆட்கள் முதல்நாளே சுண்ணாம்புப் பொடியால் அம்பு போட்டிருந்தார்கள். "அம்பு தெரியலன்னா கடைசியா பாத்த அம்புக்கே திரும்பி வந்து நில்லுங்க, நான் பின்னாடி வருவேன்" என்று ஆரோக்கியராஜ் சார் இரண்டு தடவை சொன்னார். ஆளுக்கொரு விசிலும் கொடுத்தார்.

ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. எனக்காக நின்று நின்று வந்ததில் வீட்டுக்காரரும் பின்தங்கிவிட்டார். பனிமூட்டத்தில் முன்னால் போனவர்கள் தெரியவில்லை. ஒரு பிரிவுக்கு வந்தால் அம்பு இல்லை. மழை கரைத்திருக்கிறது.

"திரும்பிப் போயிடலாங்க. சார் அப்படித்தானே சொன்னாரு."

"அங்க பாரு, ஓடை ஓடுது. தண்ணி எங்க போவும்? பள்ளத்துக்குப் போவும். ஊரும் அங்கதான இருக்கும்? பேசாம வா."

நானும் நம்பினேன். முப்பது வருடமாக வயலுக்குத் தண்ணீர் வைக்கிறவர். எங்கள் ஊரில் எந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் ஒரு வயலோ, பம்புசெட்டோ, டீக்கடையோ வந்தே தீரும். தண்ணீர் ஆளை மோசம் செய்யும் என்று எங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

கால்மணி நேரம் ஓடையோரமாக இறங்கினோம். அவர் முன்னால், நான் ஏழெட்டு அடி பின்னால். 'ஓ'வென்று தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மதகு சத்தம் கேக்குதா? மதகு இருந்தா ரோடு இருக்கும்" என்று நடையை எட்டிப் போட்டார்.

அப்போது காற்றடித்துப் பனி விலகியது. அவர் பாதத்தின் மட்டத்துக்கு ஒரு மரத்தின் உச்சி தெரிந்தது. உச்சி மட்டும்தான். அதற்கும் கீழே ஒரு பருந்து பறந்துகொண்டிருந்தது. ஓடை பாறைவரை வந்தது, அதற்கப்புறம் இல்லை. அவரோ சத்தம் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார்.

"என்னங்க" என்று கத்தினேன். காலையிலிருந்து 'என்னங்க மெதுவா', 'என்னங்க இருங்க' என்று நூறு தடவை கூப்பிட்டாயிற்று. இதையும் அதில் ஒன்றாக எண்ணி, திரும்பாமலே கையை மட்டும் ஆட்டி, "வா, வா" என்றார். விசில் என் கழுத்திலேயே கிடந்தது, நினைவில் இல்லை. வழியெல்லாம் கூப்பிட்டு வந்த மாரியம்மனும் வாயில் வரவில்லை. அவர் பெயர்தான் வந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அர்ச்சனைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேனே தவிர, வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. வெறும் பெயர், மரியாதை விகுதிகூட இல்லாமல், தொண்டை கிழியக் கத்தினேன்.

அடித்து நிறுத்தியதுபோல நின்றார். திரும்பி, "யாரு?" என்றார். பிறகு நான் பார்க்கும் இடத்தைப் பார்த்தார்.

அவருக்கு முன்னால் பாசி பிடித்த பாறை ஒரு பாய் நீளத்துக்குச் சரிந்து கிடந்தது. அப்புறம் வெறும் காற்று. அப்படியே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து வந்தார். ஷூ பிடித்துக்கொண்டது. என் துப்பட்டாவை நீட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அப்புறம்தான் விசில் ஞாபகம் வந்தது. ஊதிக்கொண்டே மேலே ஏறினோம். ஆரோக்கியராஜ் சார் எதிரே ஓடிவந்தார். நாங்கள் போன இடத்தைச் சொன்னதும் பாறையில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, அந்த அருவிய நாங்க எதிர்மலையில இருந்துதான் காட்டுவோம்" என்றார்.

வேனில், "அண்ணே, மலைக்கு மொற வச்சுத் தண்ணி வுட வந்தீங்களா?" என்று கிண்டல் செய்தார்கள். அவரும் சிரித்தார். திருச்சி தாண்டியதும் எனக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னொருவாட்டி கூப்பிடேன்" என்றார். நானும் முயன்றேன். "என்னங்க"தான் வந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மழைக்கு மறுநாள் சுண்ணாம்பு அம்பை நம்பாதீர்கள், மரத்தில் துணி கட்டச் சொல்லுங்கள். ஷூவில் மிச்சம் பிடிக்காதீர்கள். வழி தப்பினால் வந்த வழியே திரும்புங்கள். மலையில் தண்ணீர் அதன் போக்கில் போகும், அதன் பின்னால் நாம் போகக்கூடாது. என்னைப் போன்ற பெண்கள், கிளம்புவதற்கு முன்பே வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். நான் விளக்கேற்றும்போது தினமும் சொல்லிப் பார்க்கிறேன். நன்றாகவே வருகிறது. அவர் வீட்டில் இருந்தால்தான் வரமாட்டேன் என்கிறது.