ஒன்பது மணிக்குக் காத்திராத செய்தி

சுகாதார மையத்தின் மாடியில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு போன். அந்த மேசைக்காரனுக்குத் 'தந்தி' என்று பேர் வைத்தவர் மருந்தாளர் அம்மா. "அந்தக் காலத்துல தந்தி வந்தா வீடே அழும். இவன் தந்தி அடிச்சா பசங்க ஒழுங்கா டெஸ்டுக்கு வந்து நிக்கிறாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

ஆண்களை விரும்பும் இளைஞர்கள் இருநூற்றுச் சொச்சம் பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதுதான் அவன் வேலை. பரிசோதனைக்கு நாள் ஆகிவிட்டது, ஆணுறை வந்திருக்கிறது, தடுப்பு மாத்திரையை மறக்காதே. எச்.ஐ.வி. அவர்களை அண்டக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். அவனும் அவர்களில் ஒருவன்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பயந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒரு நாளில், இதே எண்ணிலிருந்து "வாங்க, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்று ஒரு வரி வந்தது. வந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வரியை எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. நன்றியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், அதே மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டான் என்றுதான் சொல்லவேண்டும்.

மூட்டை தூக்குகிறவரின் மகன். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். சான்றிதழை அப்பா கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்தபோது மேலிடத்திலிருந்து வந்த வாசகம் இப்படி இருந்தது: "உரிய இடைவெளியில் பரிசோதனை மேற்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள்." ஒருத்தரும் வரவில்லை. தந்தி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, "என்னப்பா, மூணு மாசம் ஆச்சே. பத்து நிமிஷம்தான், எட்டிப் பாத்துட்டுப் போ" என்று எழுதினான். அந்த வாரம் பத்தொன்பது பேர் வந்தார்கள். படித்ததை மறந்தால்தான் இந்த வேலை வரும் என்று மருந்தாளர் அம்மா கேலி செய்தார். படித்ததால்தான் மறக்க முடிகிறது என்றான் அவன்.

சேருகிறவர்களிடம் அவன் பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, எங்கே வேலை என்றும் கேட்பதில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: எந்த நேரத்தில் போன் உன் கையில் மட்டும் இருக்கும்? அம்மா எடுக்காத, தம்பி நோண்டாத அந்த நேரத்தை எழுதிக்கொள்வான். பேங்க் லாக்கர் மாதிரி, அந்த நேரம் தவிர அந்த எண்ணுக்கு எதுவும் போகாது. ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட மீறியதில்லை. அந்தக் கறாரை நம்பித்தான் அத்தனை பேரும் எண்ணைக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு வந்து போனைத் திறந்தான். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு மேல் வந்த செய்தி ஒன்று, இரண்டு நாள் விடுமுறையில் மேசை டிராயருக்குள்ளேயே கிடந்தது. அனுப்பியவன் 'பன்னு'. ரொட்டி ஆலையில் மாவு பிசைகிறவன், இருபத்திரண்டு வயது; அதுவும் அவனாகச் சொன்னதுதான்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும், உறை கிழிஞ்சிடுச்சு. அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கா இல்லையான்னு அவனுக்கே தெரியல. பயமா இருக்குண்ணே. அக்கா கண்ணுல படாம இதை என் போன்ல அழிச்சிடுறேன்."

தந்தி மணியைப் பார்த்தான். தொற்றைத் தடுக்கும் மாத்திரையை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெள்ளி ஆறு என்றால் இன்று ஆறுதான் கடைசி. பன்னுவின் நேரம் எது என்று பார்த்தான். இரவு ஒன்பது. பக்கத்தில் அவன் சொன்னதைத் தந்தியே எழுதி வைத்திருந்தான்: "மெஷின்கிட்ட போன் கூடாது. பகல்ல அக்கா தையல் கடையில சார்ஜ்ல இருக்கும். அக்காவுக்கு எதுவும் தெரியாது."

எந்த ஆலை, எந்தத் தையல் கடை? கேட்டு வைத்திருந்தால்தானே!

மருந்து ஜன்னலுக்கு ஓடினான். "அம்மா, இப்ப அனுப்பினா அக்கா படிப்பா. அனுப்பலைன்னா நேரம் போயிடும்."

"அக்கா படிச்சா என்ன ஆகும்?"

"தெரியாதே! அவன் வாயைத் திறந்து சொல்றதுக்கு முன்னாடி நான் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?"

"அப்ப தம்பிக்கு எழுதாதே. படிக்கப் போறது அக்கான்னா அக்காவுக்கே எழுது. என்ன, யாருன்னு சொல்லாம எழுது. இத்தனை பேரை வரவழைச்சவன், ஒரு அக்காவை வரவழைக்க மாட்டியா?"

மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தான். 'உடம்பு' என்ற வார்த்தையில் வந்து நின்றான். "உடம்புன்னு போடலாமாம்மா?"

"உசுருன்னு போட்டா பதறிடுவா. வேலைன்னு போட்டா அப்புறம் பாத்துக்கலாம்னு வெச்சிடுவா. உடம்புன்னே போடு."

"அக்கா, நான் உங்க தம்பிக்கு வேண்டியவன். உடம்பு விஷயமா இன்னிக்கு ஆறு மணிக்குள்ள அவன் என்னைப் பாக்கணும். எவ்வளவு சீக்கிரம் வர்றானோ அவ்வளவு நல்லது. ஏன்னு நான் சொல்றது முறையில்ல. இந்த மெசேஜை அவன்கிட்ட காட்டுங்க, போதும்."

அனுப்பிவிட்டுப் போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. ஒன்றேகாலுக்குப் பதில் வந்தது. "இப்பதான் பாத்தேன். யார் நீங்க? ஏதாவது பொண்ணு விஷயமா?"

"இல்லக்கா" என்று எழுதினான். எட்டிப் பார்த்த மருந்தாளர் அம்மாவுக்கு, அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவு சத்தியமான பதிலை நீ இந்த வருஷத்துல எழுதினதில்ல!"

அதற்கப்புறம் அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. மருந்து ஜன்னல் நாலு மணிக்கு மூடும். நாலரை ஆயிற்று, அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது படியில் காலடி கேட்டது. முன்னால் கழுத்தில் அளவு டேப்போடு ஒரு பெண். பின்னால் முழங்கை வரை மாவு அப்பிய பன்னு, முகம் செத்துப்போய்.

"மெசேஜ் அனுப்பினது நீங்கதானா? ஷிப்ட் முடியாம விடமாட்டேன்னான் சூப்பர்வைசர். கேட்டுலயே நின்னு சண்டை போட்டுக் கூட்டிட்டு வர்றேன்."

டாக்டர் பன்னுவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். என்ன கேட்கப்போகிறாளோ என்று தந்தி அவள் முகத்தையே பார்த்தான்.

"என்னடான்னு கேட்டேன். 'வீட்டுல சொல்லிடாதக்கா'ன்னான். அதுக்கு மேல நான் கேக்கல" என்றாள். எதிர்ச் சுவரில் இருந்த விளம்பரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு ஆண்கள் தோளில் கை போட்டு நிற்கும் படம், கீழே பரிசோதனை நேரமும் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை பற்றி இரண்டு வரியும்.

"எனக்கும் படிக்கத் தெரியும் தம்பி."

தந்தி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

"அந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் கண் கலங்கிவிட்டது. "முன்னாடியும் போடலாம், பின்னாடியும் போடலாம்க்கா. ஆனா தினமும் ஒரே நேரத்துல போடணும். இருபத்தெட்டு நாள், ஒரு நாள்கூட விடக்கூடாது."

"விட்டுடுவானா? நான் விடுவேனா?"

விடவில்லை. எல்லோருக்கும் செய்தி அனுப்புகிறவனுக்கு மறுநாளிலிருந்து தினமும் ஒரு செய்தி வந்தது. "போட்டாச்சு." "இன்னிக்கும் போட்டாச்சு." "குமட்டுதுன்னு மூஞ்சியைத் தூக்கினான். போட்டாச்சு." நடுவில் ஒரு நாள், "நேத்து ராத்திரி எல்லாத்தையும் சொல்லிட்டான். ரெண்டு பேரும் அழுதோம். போட்டாச்சு."

மூன்று மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் பன்னு தன் போனைத் தந்தியிடம் நீட்டினான். "அண்ணே, அக்காவுக்கு நீங்களே அனுப்பிடுங்கண்ணே."

"இதை நான் எழுதக் கூடாதுடா. உன் வேலை."

பன்னு தட்டுத் தடுமாறி எழுதினான்: "அக்கா, ஒண்ணும் இல்ல." உடனே பதில் வந்தது: "சாமி! சரி சரி, லேட் பண்ணாம வேலைக்குப் போ." சத்தமாகச் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனான்.

தந்தி எழுந்து மருந்து ஜன்னலுக்குப் போனான். "ரொம்ப நன்றிம்மா."

"எதுக்குடா?"

"அன்னிக்கு நாலு மணிக்குப் பூட்டாம உக்காந்திருந்தீங்களே, அதுக்கு."

"மூணு மாசம் கழிச்சா சொல்வாங்க?"

"ரிசல்ட் இப்பதானேம்மா வந்துச்சு" என்றான்.