வெள்ளகோவில்காரியின் வட்டம்

கட்டிக்கொடுத்துவிட்ட பெண்களைச் சாரதாமணி பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. வெள்ளகோவில்காரி, தாராபுரத்துக்காரி என்று போன ஊரைத்தான் சொல்வாள். பத்திரிகை வைக்கப் பட்டியல் எழுதும்போதெல்லாம் மகள் இந்துமதி பெயர் கேட்டு நச்சரிப்பாள். "பேரு எதுக்கு கண்ணு? பஸ் ஸ்டாண்டுல கேட்டாலே ஊட்டக் காட்டுவாங்க."

முதலிபாளையத்து பனியன் கம்பெனி ஒன்றில் சாரதாமணிக்குப் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் வேலை. பின்னல் மெஷினில் ஊசி கெட்டு ஒரு பீஸில் கோடு விழுந்திருந்தால், அதே துணி ரோலில் வெட்டிய அத்தனையையும் ஒதுக்கிவிடுவாள். சூப்பர்வைசர் கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

நாற்பத்தெட்டு வயதில் அவளுக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. கோயம்புத்தூர் மருத்துவமனையில் மரபணு ஆலோசகர் என்றொரு பெண், தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று வரைந்தபடி கேட்டாள்.

"குடும்பத்துல வேற யாருக்காச்சும் கேன்சர் இருந்துச்சுங்களா?"

"எங்க குலம், எங்க கூட்டத்துலயே யாருக்கும் இல்லீங்க."

எழுந்து கிளம்பும்போது பேச்சுவாக்கில், "வெள்ளகோவில்காரியும் இப்படித்தான், மாருல கட்டி வந்து போய்ச் சேந்தாங்க" என்றாள்.

"அது யாருங்க?"

"எங்கப்பன்கூடப் பொறந்தவங்க. கட்டிக்குடுத்தப்பறம் வேற கூட்டமாயிட்டாங்கல்ல."

ஆலோசகர் பேனாவைத் திரும்ப எடுத்தாள். "கூட்டம் மாறுனா ரத்தம் மாறுமாங்க?"

"அத எங்க குலசாமி கோயில்ல வந்து சொல்லு கண்ணு. பூசாரிக்குச் சாமி வந்துரும்."

தாளில் புதிதாக ஒரு வட்டம் விழுந்தது. நோய் கண்டவர் என்று ஆலோசகர் அதற்கு மை தீட்டினாள்.

ரத்தச் சோதனையில், மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரவைக்கும் மரபணுக் குறை உறுதியானது. வெள்ளகோவில் அத்தையின் மகள் கீதாஞ்சலிக்கும் அது இருக்கலாம், முன்னாலேயே தெரிந்தால் தற்காத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அவளிடம் கொடுக்க ஒரு கடிதம் தந்தாள் ஆலோசகர்.

கீதாஞ்சலி அப்போது தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பச் சொன்னா, சீக்கு ஊடுன்னு ஒருத்தனும் படியேற மாட்டான். கல்யாணம் முடியட்டும், நானே போய்ச் சொல்றேன். நீ வாயத் தொறக்காத" என்றாள் சாரதாமணி.

இந்துமதி சரி என்றாள். படித்திருந்தும் ஏன் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டோம் என்று பின்னால் யோசித்தாள். அந்த வருடம் அவளுடைய ஜாதகத்தையும் வெளியே எடுத்திருந்தார்கள்.

கீதாஞ்சலியின் மகளுக்கு வந்த வரன்கள் இரண்டும் தட்டிப்போயின. அதற்குள் தை மாதம் சாரதாமணி இறந்துபோனாள். கீதாஞ்சலி வந்து மூன்று நாள் தங்கி, வந்தவர்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டாள். கிளம்பும்போது கேட்டாள்.

"உங்கம்மா எங்கிட்ட ஏதோ பேசோணும்னு போன்ல சொல்லிட்டே இருந்தாங்க. என்னன்னு தெரியுமா கண்ணு?"

"தெரியலீங்க அத்தை."

கீதாஞ்சலியின் மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. ஆலோசகர் தந்த கடிதமும் கீதாஞ்சலி கைக்குப் போய்ச் சேரவில்லை.