அக்கி மாத்திரையும் ஒரு குடம் தண்ணியும்

மருந்துக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் பஸ் பிடிக்கிற அவசரம். மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லி முடிப்பதற்குள் படி இறங்கிவிடுவார்கள். கவுன்டருக்குப் பின்னால் கால் கடுக்க நிற்கும் நண்பர்களே, உங்களுக்குத் தெரியாததா!

தண்ணீர் படலாமா?

விழுப்புரத்தில் என் கடை. கோலியனூரிலிருந்து கரும்பு வெட்டுகிற ஏழுமலை சீட்டோடு வந்தார். இடுப்பைச் சுற்றி அக்கி. வைரஸ் மாத்திரை, நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். "தண்ணி நிறைய குடிக்கணும். இல்லன்னா இந்த மருந்து கிட்னியில உப்பு மாதிரி படிஞ்சிடும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கி மேல தண்ணியே படக்கூடாதுன்றாங்க ஊர்ல. நீங்க குடம் குடமா குடிக்கச் சொல்றீங்களே சார்!"

போய்விட்டு வந்தவர்

ஐந்தாம் நாள் அவர் மனைவி அஞ்சலை ஓடி வந்தார். "வாந்தி எடுத்துக்கினே இருக்காருங்க. ஒண்ணுக்கும் சரியா போவல." விசாரித்தால், எரிச்சல் தாங்காமல் பெட்டிக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, வெயிலில் கரும்பும் வெட்டியிருக்கிறார். இந்த மருந்தோடு வலி மாத்திரை சேரக்கூடாது என்று அன்றைக்கிருந்த கூட்டத்தில் நான் சொல்லவில்லை. எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னேன்.

ரத்தத்தில், கிட்னி கெட்டால் ஏறுகிற கிரியாட்டினின் எகிறியிருந்ததாம். இரண்டு மாத்திரையையும் நிறுத்தி, சலைன் ஏற்றினார்கள். பத்து நாளில் கிட்னி பழையபடி வேலை செய்தது. அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. குணமாகி ஏழுமலை கடைக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"அக்கி எழுதறவருகிட்ட போயிருந்தா செம்மண் பூசறதோட போயிருக்கும். உங்ககிட்ட வந்து, கிட்னி வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன் சார்."

டெஸ்ட் செய்த கோளாறு

ஞாயிறுகளில் திண்டிவனத்தில் மச்சான் கடையைப் பார்த்துக்கொள்வேன். அங்கே தாவீது என்று ஓய்வுபெற்ற கிளார்க். கல்லீரல் வைரஸுக்குப் பல வருஷமாகத் தினம் ஒரு மாத்திரை. அது கிட்னியைப் பாதிக்கலாம் என்பதால் அவ்வப்போது எடுக்கவேண்டிய கிட்னி டெஸ்ட் எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாத்திரையும் விடக்கூடாது என்பதால் பத்து மட்டும் கொடுத்து, டெஸ்ட்டுக்கு அனுப்பினேன். கிட்னி லேசாகச் சுருதி இறங்கியிருந்தது. டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். தப்பித்தார் மனுஷன்.

"ரெண்டு வருஷம் டெஸ்ட் எடுக்காம நல்லாத்தானேப்பா இருந்தேன்? நீ எடுக்கச் சொன்ன, கோளாறு வந்துடுச்சு!"

ஆக, நோய் தீர்ந்தால் அது டாக்டரின் கைராசி. கிட்னி கெட்டால் கடைக்காரனின் கைவரிசை.