என் லைனில் வந்த படகு

புளியோதரை டப்பாவைத் திறந்து முதல் கவளத்தைக் கையில் எடுத்திருந்தேன். மேலே கப்பலின் சோனார் அறையிலிருந்து சகலை கூப்பிட்டார். அந்தக் குரலிலேயே என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பசி போய் வயிற்றெரிச்சல் வந்த நேரம் அது.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், கோயம்புத்தூர்க்காரர். ஹூஸ்டனில் கடலடியை சர்வே செய்யும் எங்கள் கம்பெனியில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். தொண்ணூறுகளின் கடைசியில், கால்வெஸ்டன் கரைக்கு அப்பால் புயலில் மூழ்கிய ஓர் இறால் படகைத் தேடும் வேலை வந்தது. அதன் கேப்டனின் மனைவி, தன் புருஷன் எந்த இடத்தில் கிடக்கிறான் என்றாவது சொல்லுங்கள் என்று ஆபீசுக்கு போன் செய்துகொண்டே இருந்தாள். அதை அவளிடம் சொல்கிறவன் நானாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

சோனார் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் காகிதத்தில் படமாக வரையும். அந்தக் கருவியை வடத்தில் கட்டி இழுத்துக்கொண்டு, வயலை உழுவது மாதிரி எங்கள் கப்பல் போய்த் திரும்பும். ஒரு போக்குக்கு ஒரு லைன் என்று பெயர். லைனைத் தொடங்கியவர்தான் முடிக்க வேண்டும். கப்பல் திரும்பும்போது மட்டுமே ஆள் மாறலாம். படகு தெரிந்தால், அப்போது நாற்காலியில் இருப்பவர் காகிதத்தில் தன் பெயரை எழுதுவார். நாள் கணக்கில் உட்கார்ந்து மணலையும் வலை இழுத்த கோடுகளையும் ஒரு பழைய ஃபிரிட்ஜையும் பார்த்தவன் நான். அன்று பாதி லைனில் சகலை வந்து நின்றார்.

“நீங்க போய் சாப்பிடுங்ணா. மிச்சத்த நான் ஃபினிஷ் பண்ணிக்கறனுங்.”

எழுந்துவிட்டேன். பசிதான், வேறென்ன. அவர் கூப்பிட்டுத் திரும்பி ஓடி வந்தபோது காகிதத்தில் படகு கரும்பழுப்பாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒலி படாத இடம் வெள்ளை நிழலாக விழுந்திருந்தது, பாய்மரம் போல நின்ற வலைக்கம்பங்கள்கூடத் தெரிந்தன. அவ்வளவு அழகான படம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. “உங்க பேரையும் போட்றட்டுங்ளாண்ணா?” என்றார். வேண்டாம் என்றேன், ரொம்பப் பெருந்தன்மையாக.

அடுத்த சனிக்கிழமை, ஹூஸ்டனில் நம்மூர்க் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்டில் ஒரு ஹோட்டலில் இரண்டு குடும்பமும் சாப்பிட்டோம். என் மனைவி கள்ளமில்லாமல் கேட்டாள்: “ஏங்க, நீங்க அத்தன நாள் சர்ச் பண்ணீங்க, அவர் போய் உக்காந்ததுமே வந்துடுச்சாமே?” தோசையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். மச்சினி அன்று வழக்கத்தைவிட நிறையச் சிரித்ததாக எனக்குப் பட்டது.

கேப்டனின் மனைவி ஒருநாள் ஆபீசுக்கே வந்தாள். முதலில் பார்த்தது யார் என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சகலை என் தோளைத் தொட்டு முன்னே தள்ளினார். “இட் வாஸ் ஹிஸ் லைன், மேம்” என்றார். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் விடவில்லை. சகலை சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இப்போது அவர் காப்பெல் என்ற வேறு ஊரில் இருக்கிறார், ஞாயிறு தவறாமல் போன் செய்கிறார். படகு அவருக்குக் கிடைத்ததைக்கூட மனதிலிருந்து என்றோ விட்டுவிட்டேன். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அவளுடைய அந்தக் கைகளை இன்னொருவனுக்குக் கொடுத்திருக்க மாட்டேன். அது அவருக்கு எப்படி அத்தனை சுலபமாக வந்தது என்று இன்றும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.